இரண்டாவது தடவை படிக்கிறேன் என்றேன்

போன வருடம் ஆவணி முடிகிற சமயம். அல்சூரில் ஏறி வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோ, பெண்களுக்கான முதல் பெட்டி, காலை எட்டரை மணி. கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. என் மடியில் ஒரு பழைய பைண்டு புத்தகம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் படிக்கிற எந்த வீட்டிலும் அந்த நாவலைத் தெரியும். கல்யாணப் பந்தியில் நாலு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு அங்கே போய்விடும். நான் மட்டும் படித்ததில்லை. தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்காக இங்கே வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. பள்ளியில் எனக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக் கொடுத்தது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதை வெளியே சொல்ல வெட்கம். யாராவது அந்த நாவலை எடுத்தால், "அடடா, என்ன எழுத்து!" என்று தலையாட்டிவிடுவேன். இருபது வருடம் இப்படியே ஓட்டியாயிற்று.

நாற்பத்தேழாவது வயதில்தான் ரோஷம் வந்தது. படிக்காமல் விட்ட பெரிய புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்தே தீருவது என்று முடிவு செய்தேன். இந்த நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது அம்மா பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாள். ஓரம் பழுத்த தாள். பின்பக்கத்தில் பாதி அறுந்த ஜோக்கும் பல்பொடி விளம்பரமும் இருக்கும்.

கதையில் கடலோரத்துப் பெண் ஒருத்தி. அப்பாவோடு சண்டை போட்டுக் கப்பலேறிப் போன அண்ணனுக்காகத் தினமும் அந்தி நேரத்தில் லாந்தரோடு துறையில் போய் நிற்பாள். நான் மெதுவாக வாசிப்பதாலோ என்னவோ, அந்த ஊர் என்னை விடவே இல்லை. பென்னிகானஹள்ளி ஏரியை ரயில் தாண்டும்போது தலை நிமிர்ந்தால் ஏரி கடலாகத் தெரியும். அடுத்த நிலையம் என்று கன்னடத்தில் அறிவிக்கும் குரல் தூரத்துக் கப்பலிலிருந்து வருவது போல் இருக்கும். இரண்டு முறை இறங்க வேண்டிய குந்தலஹள்ளியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்று ஓர் அம்மாள் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் சொல்லி, நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டதும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். கடைசி நிலையத்துக்குப் பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, அதற்கான நீலக் கோட்டு போட்டிருந்தார். என் மடியை எட்டிப் பார்த்தவர் படக்கென்று பக்கத்தின் மேல் கையை வைத்துவிட்டார்.

"இந்தப் படம்! லாந்தர் வெச்சுக்கினு நிக்கிறாளே, இது நான் படிச்ச கதைம்மா!"

அல்சூர் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவராம். பதிமூன்று வயதில் அம்மாவோடு ஓர் ஆபீசர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவார். அங்கே வரும் பத்திரிகையில் வாராவாரம் இந்தத் தொடரைப் படிப்பார். திடீரென்று அந்த வீட்டுக்காரர்களுக்கு மாற்றல். கதை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"நீ முன்னாடியே படிச்சிருப்பியே?" என்றார்.

அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "ஆமாக்கா. இது ரெண்டாவது தடவை," என்றேன். நாற்பது பக்கம்கூடத் தாண்டவில்லை நான்!

"அப்ப சொல்லும்மா, அந்த அண்ணன் திரும்பி வந்தானா?"

தெரியாது என்று சொல்ல அப்போதும் வழி இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். அது எதைக் கேட்க ஆசைப்பட்டது என்று தெரிந்தது. "வந்தான்க்கா," என்றேன்.

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அப்புறம்தான் விஷயம் வந்தது. அந்தத் தொடர் வந்த வருடம்தான் அவருடைய சொந்த அண்ணன் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினாராம். இன்றுவரை ஒரு தகவல் கிடையாது. கதையில் அந்த அண்ணன் வந்தால் நம் அண்ணனும் வருவான் என்று பதிமூன்று வயதில் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறார்.

"என் தம்பி ஒரே பேஜாரு பண்றான்மா. இந்த மாளய அமாவாசைக்கு அண்ணன் பேரையும் சேர்த்துப் படைச்சிடலாம், செத்தவங்களுக்குச் செய்யாம விட்டா குடும்பத்துக்கு ஆவாதுன்றான். நான் அரைமனசா தலைய ஆட்டிட்டேன். இனிமே முடியவே முடியாதுன்னு சொல்லிடுவேன். நல்ல வேள, உன்னப் பார்த்தேன்!"

கதையில் நிஜமாகவே அந்த அண்ணன் வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் அல்சூரில்தான் ஏறுவார். மூன்று வாரம் எனக்கு முன்னால் ஓடி ஏறி எனக்காக இடம் பிடித்து வைத்தார். தம்பியோடு சண்டை போட்டு ஜெயித்ததைச் சொன்னார். நானோ ஒவ்வொரு பக்கமாக அந்த அண்ணனைத் தேடிக்கொண்டு போனேன். அப்படி ஒரு படபடப்போடு நான் எதையும் படித்ததில்லை. அமாவாசைக்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசி அத்தியாயம். கப்பல் வந்தது. அண்ணன் வரவில்லை. அவனுடைய டிரங்குப் பெட்டியும் அவன் இறந்துபோன சேதியும்தான் வந்தன. அவள் லாந்தரை அணைத்துத் துறையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறாள்.

அழுதேன். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பெட்டியில் ஏறிக்கொண்டேன். அந்தம்மாவுக்குப் புத்தகம் எங்கே கிடைக்கப் போகிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு சொன்னது. ஆனால் கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே பார்த்தால், முதல் பெட்டியில் பக்கத்து இருக்கையின் மேல் தன் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். குந்தலஹள்ளி வரை என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு நான் இந்தப் புஸ்தகத்தைப் படிச்சிருக்கவே இல்லை. அந்த அண்ணன் வரலை."

அவர் முகம் மாறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "மூணு வாரமா நான் சந்தோஷமா தூங்கினேன்மா," என்றார். "படிக்கலைன்னு சொன்னா உன் தலையில இருக்கிற கிரீடம் கீழ விழுந்துடுமா?" குரல் உயர்ந்தது. எதிரே நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கே.ஆர். புரம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கடைசிய நீயே படி. என் காதால கேக்கணும்," என்றார்.

பையிலிருந்து எடுத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டி, தடுக்கித் தடுக்கி, அத்தனை பேர் நடுவில். நான் தப்பாகச் சொன்ன இடத்தில் அவர் தாளைப் பார்த்துத் திருத்தினார். குந்தலஹள்ளி வந்தது, போனது. மழை நின்று, ஈரக் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தன. லாந்தர் அணையும் இடம் வந்தபோது எதிரே நின்ற பெண்களும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'முற்றும்' என்று நான் வாசித்தபோது ரயில் கடைசி நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "அவளுக்குச் சேதி வந்திச்சும்மா," என்றார். "எனக்கு ஒண்ணும் வரலியே." என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அமாவாசை முடிந்த மறுநாள் டிபன் பை எனக்காக இருக்கையில் இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். அப்பா அம்மாவுக்குப் படைத்த இலைகளை விட்டுத் தள்ளி, வாசலைப் பார்த்தாற்போல் ஓர் இலை போட்டாராம். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு. "யாருக்கு இதுன்னு தம்பி கேட்டான். அண்ணனுக்குன்னேன். வந்துட்டானான்னு நக்கலா கேட்டான். இன்னும் வரல, அவ்ளோதான்னு சொல்லிட்டேன்."

புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அதை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார். நான் வேறொரு பெரிய நாவலில் முப்பதாம் பக்கத்தில் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருவர், "இதைப் படிச்சிருப்பீங்களே?" என்று ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். பழைய தலையாட்டல் கழுத்துவரை வந்துவிட்டது. வாசலைப் பார்த்தாற்போல் போட்ட அந்த இலை நினைவுக்கு வர, "இன்னும் இல்லைங்க" என்றேன். ஒருத்தி தன் அண்ணனையே காப்பாற்றி வைத்திருக்கும் 'இன்னும்' என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லவா இத்தனை வருடம் வெட்கப்பட்டேன் என்று இருந்தது.