தஸ்னீம் வரைந்த நடை

என் தங்கை தஸ்னீம் ஆட்களை வரைவாள். சுவரில் மாட்டுவதற்காக அல்ல, அனிமேஷனுக்காக. கொச்சியில் ஒரு ஸ்டுடியோ அவள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் பொம்மைபோல் இருக்கிறது, உடம்பில் கனமே இல்லை என்றது. தெருவில் நடமாடுகிறவர்களைப் பார்த்து வரைந்து, ஒரே ஒரு ஆளின் நடையை அசையவைத்து அனுப்பச் சொன்னது. வேலையைப் பற்றி அப்புறம் பேசலாமாம்.

அன்றிலிருந்து காலையில் எங்கள் திருப்பாலைக்குடிக் கடற்கரைக்குப் போய்விடுவாள். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றும் பெண்களின் முதுகு, ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது ஆளுக்கு முன்னால் கிளம்பும் இடுப்பு. ஆள் அசைவதற்குள் நாலு கோட்டில் பிடித்துவிட வேண்டும்.

முகம் மட்டும் கிடையாது. உருவத்துக்குக் கண்ணும் மூக்கும் வைப்பது மார்க்கத்தில் ஆகாது என்று எதிர்வீட்டு ருக்ஸானா மாமி சொல்ல, உம்மா அதையே நிபந்தனையாக்கிவிட்டாள். தஸ்னீம் மறுபேச்சுப் பேசவில்லை. முகத்தில் காட்டவேண்டியதையெல்லாம் முழங்காலிலும் தோளிலும் காட்டப் பழகினாள்.

மாமிக்கு அதுவும் போதவில்லை. தோஹாவில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் அவருடைய வாய்ஸ் வந்தது. சட்டையில்லாமல் வலை இழுக்கிற ஆம்பளைகளை உன் தங்கை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள், என் கண்ணாலேயே பார்த்தேன் என்றார். என்ன பதில் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள், அதே வாய்ஸைக் கேட்ட உம்மா வாசலைச் சாத்திவிட்டாள்.

தஸ்னீம் அழவில்லை. மாடி ஜன்னல் ஓரம் பென்சிலோடு உட்கார்ந்தாள். வெயிலில் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, ஒருவரைத் தவிர. கல்யாணமாகாத குமரு வீட்டில் அடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க ருக்ஸானா மாமி மட்டும் போவதும் வருவதுமாக இருந்தார்.

"வரைய ஆளே இல்லையேன்னு கவலப்பட்டேன் காக்கா. அடைச்சு வச்சவங்களே வந்து நடந்து காட்டிட்டுப் போறாங்க" என்றாள் அண்ணனான என்னிடம் போனில்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே தெரு, நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டும், விட்டுவிடு என்றேன். முகத்தை வரையப்போவதில்லை என்றாள்.

எங்கள் தெருப் பெண்கள் வெளியே இறங்கினால் எல்லாருக்கும் ஒரே கறுப்புப் புர்காதான். வருவது யார் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுவோம். மாமியின் நடை தனி ரகம். ஒவ்வொரு வாசலிலும் தலை மட்டும் உள்ளே போகும். கால் ஒன்றும் அறியாததுபோல் தெருவில் போய்க்கொண்டிருக்கும். பிறகு தலை ஓடிவந்து காலைப் பிடிக்கும். முழங்கையில் தொங்கும் பை ஒரு ஆட்டம் பிந்தி ஆடும். தஸ்னீம் அதைத் தாள் தாளாக வரைந்து, முடிவில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் சின்ன வீடியோவாக்கினாள். முகமில்லை, பேரில்லை. கொச்சிக்கு அனுப்பிவிட்டு, வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் தினம் தினம் வைத்தாள்.

எனக்கு அதை முதலில் அனுப்பியதே மாமிதான். தன் நடையைத் தானே பார்த்தவர் யார்? "யாருன்னு தெரியுதா தம்பி? நம்ம தையக்கட நஸீராதான். கொக்கு கணக்கா கழுத்த நீட்டுறதப் பாருங்க" என்று சிரித்திருந்தார். தெருப் பெண்கள் குரூப்பிலும் அவரே போட்டிருந்தார். நான் பார்க்காததுபோல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்து வந்த நிக்காஹ் வீட்டில் பெண்கள், நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி உள்ளே வந்து ஒவ்வொரு சஹனுக்குள்ளும் தலையை நீட்டிக்கொண்டே நடந்தார். ஒரு சஹன் வாயைப் பொத்தியது. பக்கத்துச் சஹனும் பொத்தியது. நஸீராவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க அனுப்புன வீடியோ நேர்லயே வந்துருச்சே மாமி."

மறுநாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா என்னையும் வீடியோ காலில் வைத்திருந்தாள். அந்த வீடியோவை உடனே அழிக்க வேண்டும் என்றார் மாமி.

"எத அழிக்கணும் மாமி? அதுல யாரு இருக்கா?" என்றாள் தஸ்னீம்.

மாமி புர்காவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "நாந்தான்."

"மொகமே இல்லையே, எப்படித் தெரியும்? நடந்து காட்டுங்க, பாப்போம்."

உம்மா அதட்டினாள். தஸ்னீம் அசையவில்லை. நடக்கக்கூட வேண்டாம், கரையில் என்னைப் பார்த்தது உங்கள் கண்தானா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். கரைப்பக்கமே போனதில்லை என்று மாமி தரையைப் பார்த்துச் சொன்னார். அதை அங்கேயே வாய்ஸாகப் பேசவைத்து, முதல் வாய்ஸ் போன இடத்துக்கெல்லாம் அனுப்பவைத்த பிறகுதான் தஸ்னீம் ஸ்டேட்டஸை அழித்தாள். கொச்சிக்குப் போனதைப் பற்றி மாமி கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அந்த நடைக்குத்தான் வேலை கிடைத்தது. வாசலும் திறந்துவிட்டது. நேற்றுப் பேசும்போது, இத்தோடு போதும், பாவம் விட்டுவிடு என்று மறுபடி கெஞ்சினேன். அவள் கேமராவைத் தெருப்பக்கம் திருப்பினாள். கறுப்பாக ஒரு உருவம் வந்துகொண்டிருந்தது. கழுத்தை இறுக்கி, காலை அளந்து வைத்து, எந்த வாசலையும் பார்க்காமல். எங்கள் வாசலைத் தாண்டும்போது தலை தானாக உள்ளே திரும்பியது. திரும்பியதை உணர்ந்து, அடிபட்டதுபோல் வெடுக்கென்று நிமிர்ந்தது.

"அந்த நடைய விட இதுதான் காக்கா நல்லாருக்கு. போன வச்சிருங்க, அப்புறம் பேசுறேன்."

அவள் பென்சிலைத் துழாவும் சத்தம் எனக்குக் கேட்டது.