பாலத்துக்கு அந்தப் பக்கம் அதே வேலை

இன்னிக்கு பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்க பெர்மாஸ் ஜெயா தோசைக் கடையில கவிதாவைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியில சேர்ந்தோம். கார் கிளெய்ம் பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

இப்ப தினமும் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூர்ல அதே வேலை பார்க்குறா. சம்பளம் மட்டும் டாலர்ல, ஒரு டாலர் எங்க மூணு ரிங்கிட்டுக்கு மேல.

"சீனியர் ஆயிட்டியாமே, கங்கிராட்ஸ் லா!"ன்னா.

ஆயிட்டேன். நேம் கார்டு மாறிச்சு, சம்பளம் மாறல. அதைச் சொல்லாம சிரிச்சு வச்சேன்.

மெனுவைப் பார்த்துட்டு, "அலமாக், இங்க எல்லாம் எவ்ளோ மலிவு!"ன்னா. விலையைப் பார்த்துத்தான் நான் நெய் தோசையை விட்டுட்டு சாதா தோசை சொல்லியிருந்தேன்.

ரெண்டு பேருக்கும் அவளே காசு கட்டுனா. கிளம்பும்போது பெருமூச்சு வேற. "பாலத்துல தினமும் டிராஃபிக் ஜேம். நீ கொடுத்து வச்சவ, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுற."

சிங்கப்பூர்ல கிளெய்ம் வேலைக்கு ஆள் எடுத்தா சொல்லுங்க மக்களே. எனக்கு ஜேம்ல நிக்கிறதுன்னா ரொம்பப் பிடிக்கும்.