இடதுபக்க சீட்

சுரங்க வொர்க்‌ஷாப்பில் நான் வாகன எலக்ட்ரீஷியனாக இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மந்தாரக்குப்பம் காய்கறி வியாபாரி ஒருவர் தமது பழைய பிக்கப் வண்டியுடன் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கூடவே மனைவியும் இருந்தார். நெல்லிக்குப்பத்தில் அவர்கள் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

“இவ ஏறிக்கினாலே பியூஸ் போயிடுது சார். ராசி இல்லாதவ. வூட்டுல வுட்டுட்டு நான் மட்டும் பேரனைப் பாத்துட்டு வந்துடறேன்.”

அந்த அம்மாவின் கண்கள் கலங்கின.

ராசியால் எந்த வண்டியும் ஷார்ட் ஆவதில்லை. பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினேன். ஒயர் எங்காவது வண்டியின் இரும்பு பாடியைத் தொட்டால் அது பளிச்சென்று எரியும். ஒயர்களை ஆட்டிப் பார்த்தேன், எரியவில்லை. “நீங்க ஏறி உட்காருங்கம்மா” என்றேன். அவர் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்ததும் பல்பு எரிந்தது.

“பாத்தீங்களா சார்!” என்றார் கணவர்.

“அவங்க இறங்கட்டும். அதே சீட்ல நீங்க உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். அப்போதும் எரிந்தது.

சீட்டைத் தூக்கினேன். அதன் ஸ்பிரிங் அழுத்தி அழுத்தி, கீழே ஓடிய ஒயரின் மேலுறையை அறுத்திருந்தது; யார் உட்கார்ந்தாலும் அது உள்கம்பியைத் தொட்டுவிடும். ஒயரை ஒதுக்கிக் கட்டி டேப் சுற்றினேன்.

“அப்படியே இவரு வாய்க்கும் ரெண்டு சுத்து சுத்துங்க சார்” என்றபடி அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து, ஒருவர்மேல் பழி சொல்லப்படும்போதெல்லாம், அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்துப் பார்க்கிறேன்.