ஒரு கோழிக்குப் போயி போலீசா?

போன செவ்வாய்க்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினேன். ஒரு கோழிக்காக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அங்கேயும் சிரித்தார்கள். ஊரில் எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன்... நான் வெளியே நடமாட வேண்டாமா?

கோழி என்னுடையது இல்லை. சங்கரன்கோவிலில் என்னோடு ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளுடையது. அடைக்கோழி. குஞ்சு பொரிக்கிற நேரம். இரை எடுக்க இறங்கிய கோழியை யாரோ அமுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சூடு போனால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் அத்தனையும் செத்துப்போகும்.

தெருவில் என்ன சொன்னார்கள்? "ஒரு கோழிக்குப் போயி போலீசா? விடுட்டி!"

அவள் விடவில்லை. முட்டைக் கூடையைப் பழைய சேலையால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகக் கூடாது என்று போட்டு வைப்பார்களே இரும்புத்துண்டு, கரித்துண்டு... அதுவும் அப்படியே கூடைக்குள்.

"அண்ணாச்சி, துணைக்கு வாங்க."

"கூடை எதுக்குத் தாயி?"

"வீட்ல வச்சா ஆறிப்போகாதா? மடியில இருந்தா சூடு நிக்கும்லா!"

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். காக்கிச் சட்டையைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் போனேன்.

ஸ்டேஷன் ரைட்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கோழி போட்டோ வச்சிருக்கியாம்மா?" பின்னால் ஒரே சிரிப்பு. "இந்நேரம் கொழம்பாயிருக்கும். போ, போ."

போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்போது காரில் ஒருவர் வந்து இறங்கினார். அவர் வளர்க்கும் வெளிநாட்டு நாயைக் காணவில்லையாம். நாற்காலி வந்தது. டீ வந்தது. நாயின் போட்டோ எல்லார் வாட்ஸ்அப்புக்கும் போனது. ஒருத்தராவது சிரிக்க வேண்டுமே!

எனக்குள் என்னவோ ஏறியது. எழுந்துவிட்டேன்.

"அய்யா... அந்த நாய் பெரிய கேஸு, இந்தக் கோழி சின்ன கேஸா? எதை வச்சு அளக்கீங்க?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஸ்டேஷன் கப்சிப். அந்த அமைதியில்தான் கேட்டது — பேச்சியம்மாள் மடியில், சேலைச் சுற்றுக்குள், 'கீச்... கீச்...'

முட்டைக்குள்ளிருந்து!

"சாட்சி பேசுது, அய்யா" என்றேன்.

வயதான ஏட்டையா ஒருவர் தொப்பியை எடுத்து மாட்டினார். "வாரும்வே. எந்தத் தெரு?"

அப்புறம் அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தெருவில் நடந்தார். நாலு பேரிடம் கேட்டார். அடுத்த தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில், கவிழ்த்து வைத்த கூடைக்குள் கோழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காம்! வைத்திருந்த ஆளை ஏட்டையா சட்டையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

சின்னத் திருட்டையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேடினால் கிடைக்கும். தேடுவதில்லை. போனது சின்னதா பெரிதா என்பதைப் பறிகொடுத்தவர்தானே சொல்ல வேண்டும்?

இனி என் செருப்பு காணாமல் போனாலும் போவேன். அதே பெஞ்சில் உட்காருவேன். சிரிக்கட்டும்.

பேச்சியம்மாள் வாசலில் இப்போது குஞ்சுகள் ஓடுகின்றன.

நாய்தான் இன்னும் கிடைக்கவில்லையாம்.