தலைமையாசிரியர் ருசி பார்த்த புதன்கிழமை

தங்கபுஷ்பத்துக்குத் தன் சமையலின் மேல் சந்தேகம் என்பதே கிடையாது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் பட்டணம் வந்தவள். கணவர் கனகராஜ் தி. நகரில் சொந்தக்காரர் ஜவுளிக்கடையில் துணி அளந்துகொண்டிருக்க, இவள் அறுபத்திரண்டாம் வருஷம் சாந்தோமில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் கரண்டி பிடித்தாள். நூற்றிருபது பிள்ளைகள், பெரும்பாலும் குப்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் உடைத்த கோதுமையைக் கடுகும் வெங்காயமும் தாளித்து உப்புமாவாகக் கிண்டுவாள். பள்ளிக்கூடத்து முருங்கையிலிருந்து இரண்டு கை கீரையும் உருவிப் போடுவாள். எந்தப் பிள்ளையாவது கீரையை ஒதுக்கினால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான், தட்டு காலியாகிவிடும்.

பரிமாறுவதற்கு முன்னால் தலைமையாசிரியர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் சங்கரன் மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் பிரம்பை ஓங்காதவர். ஆனால் தம் வீட்டைத் தவிர வேறெங்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆகவே திங்கட்கிழமை காலையிலேயே ஐந்து நாளுக்கும் சேர்த்து ‘நன்று’ என்று எழுதிவிடுவார். புயலடித்துப் பள்ளியே மூடிக் கிடந்த ஒரு வியாழக்கிழமைகூட அந்தப் பதிவேட்டின்படி சாப்பாடு நன்றாகவே இருந்தது. தங்கபுஷ்பமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் சமையலை நன்று என்று எழுத ஒருவர் தின்று வேறு பார்க்க வேண்டுமா என்ன?

எழுபத்தோராம் வருஷம் ஐப்பசியில், எங்கோ ஒரு கிடங்கில் மழையில் நனைந்த மூட்டைகள் வந்து சேர்ந்தன. கழுவினாள், காயவைத்தாள், வறுத்தும் பார்த்தாள். கசப்பு போகவில்லை.

“வாயாண்ட வச்சாலே கசக்குது ஆயா,” என்று நாலாம் வகுப்பு செண்பகம் தட்டை நகர்த்தினாள்.

பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போனார்கள். மூட்டையை மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை கிடங்குக்கு ஆள் அனுப்பினாள். “புக்குல நல்லா கீதுன்னு எழுதிக்கீதே, அப்புறம் இன்னா?” என்று பதில் வந்தது.

புதன்கிழமை மதிய உணவு சூப்பர்வைசர் ராஜரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். பதிவேட்டைப் புரட்டினார், எச்சில் தொட்டியில் முந்தின நாள் கொட்டிக் கிடந்ததை எட்டிப் பார்த்தார். சாப்பாட்டில் குறையில்லை, பிள்ளைகள்தான் கொட்டுகிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து எண்பது பேருக்கு அளந்தால் போதும் என்று தீர்மானித்துவிட்டார். அதற்கான தாளைத் தலைமையாசிரியர் மேஜையில் கையெழுத்துக்கு வைத்தார்.

தங்கபுஷ்பம் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். நாற்பது பிள்ளைகள். பல பேருக்கு ஒரு நாளில் வயிறு நிறைவதே இந்த ஒரு வேளைதான். எந்தப் பிள்ளையைப் பார்த்து இனிமேல் வராதே என்று சொல்வது? ஒரு கரண்டி உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொண்டு நேரே அறைக்குள் போனாள்.

“சார், ஒரு வாய் தின்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

சங்கரன் நிமிர்ந்தார். “நான் வெளியில சாப்பிடற வழக்கமில்லைன்னு உனக்குத் தெரியாதா?”

“ஒம்போது வருசமாத் தெரியும் சார். நீங்க திங்காமலே நல்லாருக்குன்னு எழுதுனீங்க. நானும் பெருமையா இருந்துட்டேன். தப்பு நம்ம ரெண்டு பேரு மேலயுந்தான். அதுக்குப் பிள்ளைங்க எதுக்குப் பட்டினி கெடக்கணும்?”

“இன்னாம்மா, யார்கிட்ட பேசறோம்னு பாத்துப் பேசு,” என்றார் ராஜரத்தினம்.

அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. தட்டை நீட்டியபடி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரன் அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கி, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். முகம் கோணிப்போயிற்று. துப்பிவிடுவார் என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்தாள். அவர் மென்று விழுங்கினார். தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரில் மொண்டு கொடுத்ததை வாங்கி முழுதாகக் குடித்தார்.

தட்டை ராஜரத்தினம் பக்கம் தள்ளினார். “நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கோ. அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

ராஜரத்தினம் மோந்து பார்த்ததோடு சரி. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று பிள்ளைகளுக்குப் பவுடர் பாலையே ஆளுக்கு இரண்டு டம்ளர் கலக்கிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை புது மூட்டைகள் வந்தன. எண்ணிக்கையும் நூற்றிருபதாகவே நின்றது.

திங்கட்கிழமை மதியம் யாரும் கூப்பிடாமலே சங்கரன் சமையல் கூடத்துக்கு வந்தார். ஒரு கவளம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார்.

“உப்பு கொஞ்சம் கம்மி, தங்கபுஷ்பம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்தில் தன் கைப்பக்குவத்தைப் பற்றி ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. “இருக்காதே சார்,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, தானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். கம்மிதான். உப்பைக் கரைத்துத் தெளித்து, அடிவரை கிளறினாள். வரிசை முணுமுணுத்தது.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் பிள்ளைகளிடம்.

சங்கரன் மறுபடியும் கையை நீட்டினார். “இப்பப் போடு, பாக்கறேன்.”