இரண்டு சீட்டிலும் ஒன்றையே எழுதினேன்

அன்பான சபைப் பிள்ளைகளே, எழுபத்தெட்டாம் வருடம் முழுவதும் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுவேன். வாய் திறக்காது. தேனி கடைவீதியில் சாக்கு வியாபாரம் செய்பவன் நான், எட்டாம் வகுப்புதான் படிப்பு. ஆனாலும் சபையில் ஜெபிக்க என்னைத்தான் எழுப்புவார்கள். அந்த வருடம் இருமுவதுபோல் நடித்துத் தப்பித்துக்கொண்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

என் மூத்த மகள் எஸ்தர் மதுரையில் டாக்டர் படிப்பை முடித்திருந்தாள். மேற்படிப்புக்குப் பிரசவப் பிரிவிலும் இடம் கிடைத்தது, அறுவை சிகிச்சையிலும் கிடைத்தது. ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். அவளுக்கு அறுவை சிகிச்சையில்தான் ஆசை.

"கத்தியப் பிடிச்சா என் கை நடுங்க மாட்டேங்குதுப்பா. பெரிய டாக்டரே சொன்னாக" என்றாள்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் சிரித்தார். "ஆம்பளையாளுக வயித்தக் கிழிச்சுத் தைக்கப் போறாளாக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரக கேட்டா, சாக்குத் தைக்கிற குடும்பம், கை சும்மா இருக்காதுன்னு சொல்லிருவோம் மச்சான்."

அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் முடிவு தெரியாவிட்டால் இரண்டு சீட்டு எழுதி, ஜெபித்து, ஒன்றை எடுப்போம். வந்ததுதான் கர்த்தருடைய சித்தம். எஸ்தரும் சம்மதித்தாள். எழுதியவன் நான். இரண்டிலும் பிரசவம் என்றே எழுதினேன். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். மற்றதை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் விடுதியிலிருந்து வந்த கடிதமெல்லாம் இரண்டே வரி. 'நலம். தேவசித்தப்படி நடக்கிறேன்.' அதைப் படித்தால் எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒரு நாள் கடையில், சாக்குக் கட்டுகளுக்கு நடுவே அழுதேன். "ஆண்டவரே, உண்மையைச் சொல்ல வாயைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன். அன்றே மதுரைக்கு பஸ் ஏறினேன். வாயைத் தந்தார்.

பிரசவ வார்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தர் அழவில்லை.

"ஆண்டவர் சொன்னதுன்னு நெனச்சுத்தானப்பா இத்தன நாளும் தாங்கிக்கிட்டேன். இனி எதச் சொல்லித் தாங்க?" என்றாள். பிறகு, "உள்ள ஒரு பிள்ள வலியில கத்துறா, போகணும்" என்று போய்விட்டாள்.

பிரிவை மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்தில் கெஞ்சினேன். முடியாது என்றார்கள். எட்டு மாதம் அவளிடமிருந்து கடிதம் இல்லை. "என்னை வெறுக்கட்டும். உம்மை விட்டு மட்டும் அவள் போய்விடக் கூடாது" என்று தினமும் மன்றாடினேன்.

இன்று கம்பத்தில் பிரசவம் பார்க்கிறாள். கைராசிக்காரி என்கிறார்கள். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கிற நாளில்தான் அவள் முகம் தெளிந்திருக்கும் என்று அங்குள்ள நர்ஸம்மா சொன்னார்கள். அது இன்னும் எனக்குக் கசக்கிறது. அவள் கைக்கு வந்ததைப் பறித்தவன் நான்.

போன மாதம் என் இளைய மகள், டீச்சர் பயிற்சியா கல்லூரியா என்று தவித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனிந்தேன். கம்பத்திலிருந்து வந்திருந்த எஸ்தர்தான் பேசினாள்.

"ஜெபம் பண்ணுங்கப்பா. நானும் முழங்கால் போடுறேன். சீட்டு மட்டும் வேணாம்."

என் அருகில் வந்து முழங்கால் போட்டாள். பிள்ளைகளே, பொய்யனான என் மன்றாட்டையும் அவர் தள்ளிவிடவில்லை. நீங்களும் தயங்காமல் அவரிடம் கேளுங்கள். பதிலை மட்டும் அவரே எழுதட்டும்.