இருபத்திரண்டு 'இல்லை'

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. செவ்வாய்க்கிழமை மாலை. குழாய் நான்கு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வால்வை மூடிவிட்டு ஸ்பானருடன் நின்றேன். அம்மா டார்ச் பிடித்தாள்.

"குழாய்ல அடிம்மா. என் மூஞ்சில அடிக்கிற."

"நீ ஒழுங்கா பண்றியான்னு பாக்க வேணாமா?"

"கம்பெனியில ஒரு நாளைக்கு நூறு பம்ப்பை செக் பண்ணி அனுப்பறவ நான்."

"அங்க அனுப்பறது இருக்கட்டும். நம்ம வீட்டுல சொட்டுதே."

பழைய வாஷர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதியதைப் போட்டு இறுக்கினேன். அம்மா குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டி ஒரு நிமிடம் பார்த்தாள். ஈரம் படவில்லை. "பரவால்ல, படிச்சது வீண் போகல" என்றாள். மறுநாள் காலை அவள் உயிரோடு இல்லை. வயது ஐம்பத்தேழு.

எனக்குப் பதினொரு வயதில் அப்பா இறந்தார். அதிலிருந்து அம்மா ஒரு லாண்டரியில் வேலை பார்த்தாள். ஊரில் உள்ள லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். துவைத்ததை, இஸ்திரி போடும் சூடான ரோலருக்குள் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து விட வேண்டும். மறுபக்கம் வருவதை மடிக்க வேண்டும். என்னை டிப்ளமோ படிக்க வைத்தது அந்த ரோலர்தான்.

போன வருடம் வெளிநாட்டில் இருக்கும் சித்திக்கு முழங்காலில் ஆபரேஷன். உதவிக்கு அம்மா மூன்று மாதச் சுற்றுலா விசாவில் போனாள். சித்தி வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். இரண்டு மாதம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஒரு விஷயம். திட்டாத."

"என்ன?"

"ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய் ஒரு கல்யாணம் நடத்திட்டு வந்தோம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்டி."

நான் திட்டவில்லை. சிரித்தேனா அழுதேனா என்று இப்போது நினைவில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். "வாங்க போங்கன்னு பேசு, அது போதும்" என்றாள். எங்களுக்குள் அவர் வேன்காரர் ஆனார்.

சுற்றிப் பார்க்கப் போனவர் அங்கேயே மனைவியாகத் தங்கிவிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. திரும்பி வந்து இங்கிருந்து மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணமாகி அவர்கள் ஒரே வீட்டில் இருந்தது பத்தொன்பது நாள். இருபதாவது நாள் எப்போது வரும் என்பதுதான் அதன்பின் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி.

படிவங்களை நான் எடுத்துக்கொண்டேன். தர ஆய்வு என் தொழில். எங்கள் ஆய்வு அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பம்ப் வெளியே போகாது. அதனால் கட்டங்களைக் கண்டு எனக்குப் பயம் இல்லை.

முதல் தகராறு குடும்பப் பெயரில் வந்தது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது, இன்ஷியல்தான். ஆனால் கணினி விடவில்லை. பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் இருந்ததால் அதையே போட்டேன். அதன்பின் வந்த கடிதங்கள் எல்லாம் தாத்தா பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டு வந்தன.

"எங்கப்பாவை எதுக்குடி கூப்பிடறாங்க?" என்றாள் அம்மா. "அவர் போய்ச் சேந்து முப்பது வருஷம் ஆச்சு. விசா இல்லாமலே போயிட்டார்."

அடுத்து, கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்ட இருவரும் அனுப்பிக்கொண்ட செய்திகளைக் கேட்டார்கள். அச்செடுத்தேன். நூற்று எண்பது பக்கம். 'சாப்டாச்சா', 'ஆச்சு', 'வண்டி எடுக்கறேன்', 'பாத்து', 'மழையா அங்க', 'இல்ல'. அம்மா அந்தக் கட்டை என்னிடமிருந்து பிடுங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் ஒரு ஆபீசர் உக்காந்து படிப்பானா?"

"படிப்பாங்க."

"பாவம்."

மருத்துவப் பக்கம் கடைசியில் இருந்தது. இருபத்திரண்டு நோய்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை'. ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முந்தைய பக்கங்களை எல்லாம் ஒவ்வொரு வரியாக அவளுக்குப் படித்துச் சொல்லித்தான் நிரப்பினேன். இந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மேலிருந்து கீழே வரிசையாக இருபத்திரண்டு முறை 'இல்லை'யை அழுத்தினேன். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

"என்ன, டக்குடக்குன்னு தட்டற?" என்றாள்.

"வியாதி லிஸ்ட். டி.பி., கேன்சர், வலிப்பு. எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரித்தாள். நான் அனுப்பு பட்டனை அழுத்தினேன்.

பத்து நாள் கழித்து, தூதரகம் சொன்ன கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை. உயரம், எடை, ரத்தம், எக்ஸ்ரே. எல்லாம் முடிந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் அம்மாவின் நெஞ்சு இருந்தது.

"வலது பக்கம் மேல, வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? பழைய தழும்பு. முன்னாடி டி.பி. வந்து மருந்து சாப்பிட்டாங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன். "ஃபார்ம்லயே போட்டிருக்கோம்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அம்மா, நீங்க சொல்லுங்க."

அம்மா மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"வந்திருக்கு. இருபத்தொரு வயசுல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல்லயே ஆமான்னு போட்டிருந்தா இந்த வாரமே சளி டெஸ்ட் ஆரம்பிச்சிருப்பேன். இப்ப ஃபார்ம்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. நானா மாத்த முடியாது. தூதரகத்துக்கு எழுதி அனுப்பறேன். அவங்க விளக்கம் கேப்பாங்க. அதை ஏத்துக்கிட்டாதான் மேல நடக்கும்."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா?"

"ஃபார்ம்ல கேட்டாங்களே."

"ஃபார்ம் என்னைக் கேக்கல. உன்னைக் கேட்டுச்சு. நீ பதில் சொல்லிட்ட."

விளக்கம் கேட்டுக் கடிதம் வர ஐம்பத்தெட்டு நாள் ஆயிற்று. நோயை ஏன் மறைத்தீர்கள் என்று விண்ணப்பதாரர் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். ஒரு நகல் கணவருக்கும் போகும். அந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டியபோதுதான் அம்மாவின் முகம் மாறியது.

அன்றைக்கே எழுதி அனுப்பிவிடலாம் என்று மதியம் லாண்டரிக்குப் போனேன். அம்மாவோடு ரோலரில் நிற்கும் அக்கா என்னைப் பார்த்ததும், "என்ன, புதுப்பொண்ணுக்கு டிக்கெட் வந்துடுச்சா?" என்று கத்தினாள்.

"வந்தா உன்னை மூட்டையில கட்டி எடுத்துட்டுப் போறேன்" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "மெஷின் ஓடட்டும். அப்ப சொல்றேன். யாருக்கும் கேக்காது" என்றாள்.

ரோலர் ஓடியது. நான் அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதினேன். அவள் மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இருமினா கைக்குட்டையில ரத்தம் வந்துச்சு. எங்கண்ணன் வேற ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். அங்கயே ஒரு ரூம் எடுத்து ரெண்டு மாசம் தினம் ஊசி. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல மாத்திரை. அக்கம்பக்கத்துல டைப்ரைட்டிங் படிக்கப் போயிருக்கான்னு சொல்லிட்டாங்க. குணமாகித் திரும்பி வரும்போது அண்ணன் அந்த மருந்து அட்டையை நாலாக் கிழிச்சு பஸ் ஜன்னல் வழியா விட்டுட்டான். இனிமே இது நடக்கவே இல்ல, வாயத் திறக்காதன்னான்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. பொண்ணுக்கு டைப் அடிக்கத் தெரியும்னு சொல்லித்தான் கல்யாணம் பண்ணாங்க. ஒரு தடவை உங்கப்பா ஆபீஸ்ல இருந்து ஒரு மனு கொண்டு வந்து, இதை அடிச்சுக் குடுன்னார். கை சுளுக்குன்னு ஒரு வாரம் துணி சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். இருமல் வந்தா மொட்டை மாடிக்குப் போயிடுவேன்."

நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது. அம்மா ஒரு விரிப்பை இரண்டு முறை மடித்துவிட்டு, பிரித்து மறுபடி மடித்தாள்.

"இவருக்குக் காப்பி போறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றாள்.

அன்று மாலையே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போனைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுபக்கத்தில் வேனின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார். "வரலன்னு சொல்லப் போறியோன்னு வண்டிய ஓரங்கட்டிட்டேன்."

"டி.பி.ங்க."

"சரியாயிடுச்சுல்ல?"

"சரியாகி முப்பத்தஞ்சு வருஷம் ஆகுது."

"அப்புறம் என்ன? எனக்கு முன்பல்லு நாலும் கட்டினது. நான் மட்டும் சொன்னேனா?"

"அது தெரியுமே. டம்ளர்ல கெடந்துச்சே."

"பாத்துட்டியா!"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. மாடிக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து இருமினாள்.

விளக்கத்தை ஏற்றுக்கொள்ள மேலும் முப்பத்தாறு நாள். பிறகு கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். திங்கள், செவ்வாய், புதன். தொடர்ந்து மூன்று காலை, ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில் வந்து சளி கொடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. முடிவு வர எட்டு வாரம். அதில் கிருமி இல்லையென்றால் விசா.

கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி. கையில் மூடி போட்ட டப்பா. வெளியே நர்ஸ்.

"நல்லா ஆழமா இருமுங்கம்மா. வெக்கப்படாதீங்க."

அம்மா கதவைக் கொஞ்சம் திறந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அடக்கினது. இப்ப வா வான்னா வருமா, சிஸ்டர்?"

முதல் நாள் நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டாம் நாள் பதினொரு நிமிடம். வெளியே வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். தெருமுனைக் கடையில் டீ குடித்தோம். அவள் லாண்டரிக்குப் போனாள், நான் கம்பெனிக்குப் போனேன்.

புதன்கிழமை ஐந்தரைக்கு அவளை எழுப்பப் போனேன். கை சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள்.

நான் கணக்குப் போடாமல் இருக்க முடியாதவள். ஐம்பத்தெட்டும் முப்பத்தாறும் தொண்ணூற்று நான்கு. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளா? தெரியாது. சொல்லியிருந்தால் டாக்டர் அந்த வாரமே டெஸ்ட் ஆரம்பித்திருப்பார். எட்டு வாரம் டெஸ்ட்டுக்கு, மூன்று வாரம் விசாவுக்கு. எப்படிக் கூட்டினாலும் இரண்டு வாரமாவது மிஞ்சுகிறது. அம்மாவின் இதயம் அந்தப் புதன்கிழமை எங்கே இருந்தாலும் நின்றிருக்கலாம். ஆனால் அங்கே, அவர் பக்கத்தில் நின்றிருக்கும்.

அன்று காலை எட்டேகாலுக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

வேன்காரர் மறுநாள் மாலை வந்து சேர்ந்தார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருக்காக அம்மாவை வைத்திருந்தோம். எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, அம்மாவின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார். சட்டையின் முதுகில் பயணத்தின் சுருக்கங்கள் அப்படியே இருந்தன.

"பாப்பா" என்றார். "இன்னும் என்ன பாக்கி இருந்துச்சு?"

"ஒரு நாள் டெஸ்ட்."

"ஒரே ஒரு நாளா?"

"ரெண்டு நாள் குடுத்துட்டாங்க. மூணாவது நேத்து."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு" என்றேன். "வெறும் வயித்தோட போகணும்."